எத்தனாலா, பயோடீசலா?
வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றவருக்குத் தெரியும், மூச்சை அடைப்பது லாரியும் பஸ்ஸும் விடும் கரும்புகை. வண்டிப் புகையைக் குறைக்க எது நல்லது, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலா, டீசலில் கலக்கும் பயோடீசலா?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 இப்போது பங்க்கிலேயே கிடைக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்பன் மோனாக்சைடு குறையும். மைலேஜும் சற்றுக் குறையும். கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்தே எத்தனாலை எடுக்கலாம். ஆனால் கரும்பு தண்ணீர் குடிக்கும் பயிர். பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் அது எனக்கு உறுத்துகிறது.

பயோடீசலுக்கென்று தனியாகப் பயிரிட வேண்டியதில்லை. பஜ்ஜிக் கடையில் கொதித்துக் கறுத்த எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் போதும், டீசலோடு கலக்கலாம். கந்தகம் ஏறக்குறைய இல்லை, புகைத்துகள் குறையும். நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசு வாயு மட்டும் கொஞ்சம் கூடலாம். அந்த எண்ணெய் மறுபடி வடைச் சட்டிக்கோ சாக்கடைக்கோ போகாது. என் ஓட்டு இதற்கே. கடை கடையாகச் சேகரிக்கத்தான் ஆள் வேண்டும்.