குரூப் 4, திருவனந்தபுரம், வளைகுடா: மூன்று ஆண்டு கழித்துக் கையில் எது மிஞ்சும்?

படிப்பை முடித்து வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் குமரி மாவட்டத்தில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏதாவது சரியாயிற்றா மக்களே?" கேட்பவர் பெட்டிக்கடைக்காரராக இருக்கலாம், ஆலயத்து உபதேசியாராக இருக்கலாம், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராகவும் இருக்கலாம். பதில் வருவதற்குள் அவரே மூன்று வழியையும் சொல்லி முடித்துவிடுவார். குரூப் 4 எழுது. இல்லையென்றால் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஐடி வேலைக்குச் சேர். அதுவும் இல்லையென்றால் மாமாவிடம் சொல்லி ஒரு விசா எடு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. படிப்புக்கேற்ற வேலைதான் நெல்லைப் பக்கம் ஆரல்வாய்மொழிக்கு அப்பாலோ, கேரள எல்லையில் களியக்காவிளைக்கு அப்பாலோ, கடலுக்கு அப்பாலோ இருக்கிறது.

இந்த மூன்று வழிகளையும் எல்லாரும் சம்பளத்தை வைத்தே எடைபோடுகிறார்கள். துபாய்க்காரன் இவ்வளவு அனுப்புகிறான், தாலுகா அலுவலகத்தில் இருப்பவனுக்கு இவ்வளவு வருகிறது, ஐடி கம்பெனியில் தொடக்கத்தில் இவ்வளவுதான் என்று. எடுத்த காரியம் கைகூடிவிட்டால் மூன்றுமே நல்ல வழிதான். அப்போது ஒப்பிட என்ன இருக்கிறது? கைகூடாதபோதுதான் வித்தியாசம் தெரியவரும். ஆகவே என் அளவுகோல் இது: மூன்று ஆண்டு போயிற்று, நினைத்தது நடக்கவில்லை. அப்போது அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? கலை அறிவியல் பட்டமோ டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து, கேம்பஸ் தேர்வில் எதுவும் அமையாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். நர்சிங் கணக்கு வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வீட்டிலிருந்து படிப்பது

அரசுப் பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்துகிற குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும். ஒரே தேர்வு, மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். நேர்முகம் கிடையாது. தேறினால் இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கும், அகவிலைப்படி தனி. சிபாரிசும் பணமும் இல்லாத வீட்டுப் பிள்ளை தலைநிமிர்ந்து நுழையக்கூடிய வாசல் அது. ஆனால் வாசலில் நிற்கிற கூட்டத்தையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல்.

கூட்டத்தைவிடக் காலம்தான் எனக்குப் பயம் தருகிறது. 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 நடந்தது. அதற்கு அடுத்தது 2022 ஜூலை 24 அன்றுதான். இடையில் கொரோனா புகுந்துவிட்டது. அந்தத் தேர்வின் முடிவு வந்தபோது 2023 மார்ச் ஆகிவிட்டது. 2019இல் நாலைந்து மதிப்பெண்ணில் தவறவிட்டு, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தவருக்கு, தன் மேல் எந்தப் பிழையும் இல்லாமலே மூன்றரை ஆண்டு போய்விட்டது. இப்போது ஆணையம் ஆண்டுத் திட்டத்தை முன்கூட்டியே வெளியிடுகிறது. 2024, 2025 தேர்வுகளின் முடிவுகளும் சில மாதங்களிலேயே வந்துவிட்டன. நிலைமை தேறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நாட்காட்டி நம் கையில் இல்லாத ஆட்டம் இது.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. 200 கேள்விகளில் முதல் 100 தமிழ். அதில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். மேற்குப் பக்கத்தில் மலையாள வழியில் படித்தவர்களும், ஆங்கில வழிப் பள்ளிகளில் படித்தவர்களும் பொது அறிவுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிவிட்டு இங்கேதான் சறுக்குகிறார்கள். மாறாக, பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவருக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பிறகு பி.இ.யை ஆங்கிலத்தில் படித்திருந்தாலும் தடையில்லை. குரூப் 4 கேட்கிற தகுதியே பத்தாம் வகுப்புதான். அதற்கான சான்றைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் பூட்டிய பள்ளி வாசலில் போய் நிற்பதைவிட அது நல்லது.

சரி, தேறாவிட்டால்? செலவு பெரிதாக ஆகியிருக்காது. கோணத்திலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். கடன் இல்லை, நகை அடகுக்குப் போகவில்லை. ஆனால் பயோடேட்டாவில் எழுத ஒரு வரியும் இல்லை. இருபத்தைந்து வயதில் முதல் தனியார் நேர்முகத்துக்குப் போகிறவரிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்பதுதான். வேலை எதுவும் பார்க்காமல் முழுநேரமாகப் படிப்பதென்றால் ஒரே ஒரு தேர்வுச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. கட் ஆஃபுக்கு மிக அருகில் வந்து நின்றவருக்கு மட்டும் இன்னொன்று கொடுக்கலாம். குரூப் 4 பாடத்திட்டத்தின் அடித்தளம் பள்ளிப் புத்தகம். வேலைக்குப் போய்க்கொண்டே அதைப் படிக்க முடியும். குரூப் 1 அப்படியல்ல, அதை இங்கே சேர்க்கவில்லை.

களியக்காவிளைக்கு அப்பால்

நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் சுமார் 70. இந்த ஒரு கணக்கே பாதி வேலையை முடித்துவிடுகிறது. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990இல் தொடங்கியது. அதைச் சுற்றி நிறுவனங்கள், மருத்துவமனைகள், கணக்கு அலுவலகங்கள் என்று வேலைகள் பெருகின. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட பிறகு சரக்குப் போக்குவரத்துத் துறையும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மலையாளம் எல்லையோர விளவங்கோட்டுக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிழக்கே இருக்கிற அகஸ்தீஸ்வரத்துக்காரர் நாலு மாதம் திணறுவார், பிறகு அவரே "சேட்டா" போடத் தொடங்கிவிடுவார்.

குழித்துறை, பாறசாலை பக்கத்தார் ரயில் சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருகிறார்கள். நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். எதிரே வருகிற ரயிலுக்கு வழிவிட வண்டியை இடையில் நிறுத்திவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும். வீடு திரும்பும்போது படிக்கிற தெம்பும் இருக்காது. நாலு பேராகச் சேர்ந்து அறை எடுத்து, வார இறுதியில் ஊருக்கு வருவதுதான் உடம்புக்கு ஏற்றது. பெண் பிள்ளைகளுக்கு விடுதிகள் இருக்கின்றன. "பெண்ணுக்குக் குரூப் 4 போதும்" என்று வீட்டோடு வைத்துக்கொள்கிற அப்பாக்கள் ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

சம்பளத்தைப் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். வேலை ஆணையில் ஆண்டுக்கு 3 லட்சம் என்று இருந்தால், மாதம் 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டுகிற பிஎஃப் 1,500 ரூபாயையும் பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) ஒதுக்குகிற 600 ரூபாயையும் அந்த 25,000க்குள்ளேயே காட்டியிருப்பார்கள். உங்கள் பங்கு பிஎஃப் 1,500 வேறு பிடிப்பார்கள். கைக்கு வருவது 21,000 சொச்சம். அதில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் மிஞ்சுவதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது. துபாய்க்காரன் முன்னால் இந்தத் தொகை நிற்காது, உண்மைதான்.

ஆனால் என் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு கழித்து அந்த நிறுவனம் ஆட்குறைப்பே செய்தாலும் கையில் சம்பளச் சீட்டுகள் இருக்கும், பிஎஃப் கணக்கு எண் இருக்கும், அனுபவச் சான்றும் விடுவிப்புக் கடிதமும் இருக்கும். அடுத்த வேலைக்கு, அது பெங்களூராக இருந்தாலும் வளைகுடாவாக இருந்தாலும், கேட்கப்படுவது இந்தக் காகிதங்கள்தான். ஊரிலேயே ஒரு சின்ன நிறுவனத்தில் பிஎஃப் இல்லாமல், கவரில் பணமாகச் சம்பளம் வாங்குகிறவருக்கு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். வேலை பார்த்ததற்கான தடயம் கிடைக்காது. அதற்காகவே ஐந்தாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் பிஎஃப் பிடிக்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சிக்கு முதலில் பணம் கட்டு, பிறகு வேலை தருகிறேன் என்கிறவரிடம் இருப்பது பயிற்சி வியாபாரம்.

கடலுக்கு அப்பால்

வளைகுடாவைப் பற்றிக் குமரிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கான்கிரீட் வீடுகளில் பாதி அங்கிருந்து வந்த பணத்தில் எழுந்தவை என்று பேச்சுக்குச் சொல்வார்கள். ஆனால் கொத்து வேலைக்கும் வெல்டிங்குக்கும் போன அப்பாவுக்கு இருந்த ஒரு பாதுகாப்பு, பி.இ. படித்த மகனுக்கு இல்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அதிகாரியாவது பார்ப்பார். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்த அனுமதி பொதுவாகத் தேவையில்லை. படிப்பு தந்த சலுகை அது. படித்தவனின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது அதன் இன்னொரு பக்கம். படித்த பிள்ளைகள் சுற்றுலா விசாவில் ஏறிப்போய் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே அதிகாரி பார்க்க வேண்டியதை நீங்களே பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற ஏஜென்சி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. உரிம எண்ணை மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டு ரசீதும் தராதவர், நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். உறவு கெட்டுவிடுமே என்று தயங்கினால் அம்மாவின் வளையல் போகும். தமிழ்நாடு அரசே நடத்துகிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதில் பதிவு செய்துவிட்டு ஏஜென்சிப் படியேறுங்கள்.

அடுத்தது ஒப்பந்தத்தின் முதல் பக்கம். மொத்தம் 2,000 திர்ஹம் என்பதை மட்டும் பார்க்கக் கூடாது. அதில் அடிப்படை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுக்குப் பணிக்கொடை, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படை 900 என்று போட்டு மீதியைப் படிகளாகக் காட்டினால் மூன்று ஆண்டு முடிவில் வருவது 1,890 திர்ஹம். அதே 2,000க்குள் அடிப்படை 1,600 என்றிருந்தால் 3,360. ஓவர்டைம் கணக்கும் அடிப்படையை ஒட்டியே ஓடும். விசாவில் எழுதியிருக்கிற பதவிப் பெயரையும் பாருங்கள். ஹெல்பர் விசாவில் போய் இன்ஜினியர் வேலை பார்த்தவர், அடுத்த நிறுவனத்தில் அதை நிரூபிக்கப் படாத பாடு படுவார்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் முறை), கியூஏ கியூசி (தரக் கட்டுப்பாடு), ஃபயர் அண்ட் சேஃப்டி என்று பயிற்சிப் பலகை தொங்காத தெரு குறைவு. படிப்பில் குறையில்லை; அது எதைத் தரும், எதைத் தராது என்று சொல்லித்தருவதில்தான் குறை. என்டிடி லெவல் 2 சான்று பெரும்பாலும் எஸ்என்டி டிசி 1ஏ என்ற நடைமுறைப்படி வழங்கப்படுவது. அதன்படி தகுதிச் சான்று தருகிற பொறுப்பு வேலை தருகிற நிறுவனத்துடையது. இடம் மாறினால் புதிய நிறுவனம் மறுபடி சோதித்துச் சான்று தர வேண்டும். வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கான சிஸ்விப் 3.1 தேர்வும் முன் அனுபவம் கேட்கும். இரண்டு மாதப் படிப்போடு நேராக அபுதாபிக்குப் போகிறவரிடம் இருப்பது காகிதம் மட்டுமே. அதே சான்றோடு முதலில் கூடங்குளம் அணுமின் நிலையப் புதிய அலகுகளின் ஒப்பந்த நிறுவனங்களிலோ, கொச்சி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திப் பராமரிக்கிற ஷட்டவுன் வேலைகளிலோ ஓரிரு ஆண்டு நின்றவர் போனால், அவரிடம் பேசுகிற தொனியே மாறிவிடும்.

மூன்று ஆண்டு கழித்து இங்கே மிஞ்சுவது, போன விதத்தைப் பொறுத்தது. தான் படித்த தொழிலிலேயே, கடன் இல்லாமல் போனவருக்குப் பணமும் அனுபவமும் சேர்ந்தே மிஞ்சும். மற்ற இரு வழிகளும் கிட்டே வராது. மெக்கானிக்கல் படித்துவிட்டு சூப்பர் மார்க்கெட் பில்லிங்குக்குப் போனவருக்கு வட்டி கட்டியது போக ஏதோ கொஞ்சம். படித்தது மறந்திருக்கும், ஊரில் சேர்ந்த நண்பன் இரண்டு படி மேலே போயிருப்பான்.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்னிடம் கேட்டால் திருவனந்தபுரமோ கூடங்குளமோ முதலில் என்பேன். அங்கிருந்தபடியே குரூப் 4 ஒன்றோ இரண்டோ எழுதட்டும். இரண்டு ஆண்டு அனுபவச் சான்று கைக்கு வந்த பிறகு வளைகுடாவைப் பற்றிப் பேசலாம். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது, காத்திருக்க முடியாது என்றால் வரிசை மாறும். ஏற்கெனவே இருக்கிற கடன் மேல் விசாவுக்கென்று இன்னொரு கடன் ஏறக் கூடாது என்பது மட்டும் மாறாது.

நர்சிங் படித்தவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்களுக்கு வெளிநாடுதான் பெரிய வழி. அதற்குள் நுழைகிற சாவி உள்ளூர் மருத்துவமனை அனுபவம். 2015 முதல் அந்த 18 நாடுகளுக்குப் போகிற நர்ஸுகளுக்கு, எவ்வளவு படித்திருந்தாலும், குடியேற்ற அனுமதி கட்டாயம். தமிழ்நாட்டு நிறுவனம் போலவே கேரள அரசின் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகியவையும் நர்ஸுகளுக்கு ஆள்சேர்ப்பு நடத்துகின்றன. வளைகுடா நாடுகள் டேட்டாஃப்ளோ என்கிற நிறுவனத்தின் வழியாகச் சான்றுகளைச் சரிபார்க்கும்போது, வேலை பார்த்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். பதில் வராவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதனால் அனுபவச் சான்று வாங்கும்போதே எந்தப் பிரிவில் வேலை, மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள், கையெழுத்திடுபவரின் பதவி என்ன, நிறுவனத்தின் மின்னஞ்சல் எது என்பதையெல்லாம் அதிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால் கையெழுத்திட்டவர் வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார்.