தோட்டத்து மாடல் ரயிலின் மின்கருவிப் பெட்டி: நான்கு வருடத்துக்குப் பிறகு

என் தோட்டத்தில் ஓடும் மாடல் ரயிலின் மின்கருவிகளை வைக்க வெளியிலேயே ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். போன வாரம்தான் அதிலிருந்த பூஸ்டரை (தண்டவாளத்துக்கு ரயிலோட்டும் மின்சாரத்தை அனுப்பும் கருவி) கழற்றிவிட்டுப் புதிது மாட்டினேன். அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "உங்க பெட்டி மாதிரியே நானும் ஒண்ணு செய்யணும், அளவு அனுப்புங்க" என்றார். அனுப்பிவிட்டேன். ஆனால் விஷயம் அளவில் இல்லை. நான்கு வருடமாக இந்தப் பெட்டியோடு நான் மல்லுக்கட்டியது முழுக்க ஈரத்தோடுதான்.

மழை ஈரம் இல்லை. மரைன் பிளைவுட், ஓரமெல்லாம் எபாக்ஸி, கதவைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட், சாய்வான கூரை. எந்த அடைமழையிலும் ஒரு சொட்டு உள்ளே இறங்கியதில்லை. அந்த வேலைப்பாட்டில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் முதல் வருடம் முடியும் முன்பே, ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் கூரையின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். நேர் கீழே 24 வோல்ட் பவர் சப்ளை. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

எங்கோ ஓட்டை என்று நினைத்து சிலிகானைப் பிதுக்கி இன்னும் இறுக்கி அடைத்தேன். பெரிய தப்பு. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து இண்டு இடுக்கு வழியாக வெளியேறும். இரவில் சுருங்கும்போது வெளியே உள்ள ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். இழுத்த ஈரம் போக வழியில்லாமல் குளிர்ந்த பலகையில் நீராகப் படியும். சிலிக்கா ஜெல்லும் கொஞ்ச நாளில் ஈரம் குடித்து நிறைந்துவிடும். கடைப் பெட்டிகளில் போட்டிருக்கும் ஐபி65 என்பது தூசிக்கும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கும் உள்ள தரம். உள்ளேயே ஊறும் நீரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பெட்டி விற்பவர்கள் இதை ஒரு வரி சொன்னால் என்ன? இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

நான் பூசிய சிலிகான் வேறு வினிகர் வாடை அடிக்கும் வகை. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். செம்புக்கு ஆகவே ஆகாது. ஒரு வளைவில் மட்டும் எஞ்சின் திணறிக்கொண்டே இருந்தது. தண்டவாளத்தை எத்தனை முறை தேய்த்துத் துடைத்திருப்பேன்! கடைசியில் பெட்டிக்குள் உள்ள டெர்மினலிலிருந்து அந்த வளைவுக்குப் போகும் கம்பியை உருவினால், பச்சைக் களிம்பு இன்சுலேஷனுக்கு உள்ளேயே ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், தூளாக உதிர்ந்தது.

அதன் பிறகு அடிப்பலகையில் இரண்டு துளை, கூரை இறவாரத்துக்குக் கீழே இரண்டு துளை போட்டு, எறும்பு ஏறாமல் மெல்லிய கம்பி வலை அடித்தேன். கூரைக்கு மேல் விரலளவு இடைவெளி விட்டு ஒரு வெள்ளைத் தகடு. கேபிள்கள் எல்லாம் அடியிலிருந்துதான் நுழைகின்றன. நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு, தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அன்றிலிருந்து உள்ளே சொட்டு ஈரம் இல்லை. போன வாரம் செத்த பூஸ்டரின் போர்டில் இருந்தது பழைய அரிப்புதான்.

பெட்டி இப்போது அருமையாக இருக்கிறது. ஆனாலும் நண்பருக்கு என் பதில், செய்யாதீர்கள். பூஸ்டரையும் பவர் சப்ளையையும் ஒரு கைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள், ரயில் ஓட்டும் நாளில் வெளியே எடுத்து வாருங்கள். செடிகளுக்கு நடுவில் சாக்கெட் மட்டும் இருந்தால் போதும். என்னுடையதை நான் பிரிக்கப் போவதில்லை. புது பூஸ்டரையும் அதற்குள்ளேதான் மாட்டியிருக்கிறேன்.