குளியலறைக் கைப்பிடி: ஒட்டுவதா, திருகுவதா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டில் அம்மா குளிக்கப் போனால் கதவை, வாளி விளிம்பை, கைக்குக் கிடைத்ததை எல்லாம் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குளியலையே தள்ளிப்போட ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் வாங்கியது ரப்பர் கப் வைத்து ஒட்டும் கைப்பிடி. சுவரைத் துளைக்க வேண்டாம், வாடகை வீட்டுக்கு வசதி. ஆனால் வழவழப்பான டைல்ஸில்தான் பிடிக்கும், இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேல் கப் உட்கார்ந்தால் காற்று உள்ளே போய், சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும். ஒரு நாள் காலை அது அம்மா கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன்.

டிரில் போட்டுத் திருகும் ஸ்டீல் கம்பி அப்படியில்லை, உறுதியான சுவரில் சரியாக மாட்டினால் ஆளின் எடையைத் தாங்கும். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் பலருக்குச் சரியாக வரும், இருந்தாலும் பிடிக்கப்போகிறவரையே நிற்கவைத்து, கை இயல்பாகப் போகும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நம் ஊர் உப்புக்காற்றுக்கு 304 ரகத்தைவிட 316 ரக ஸ்டீல் நன்றாகத் துருவைத் தாங்கும், விலைதான் கொஞ்சம் கூட.

இப்போது அம்மா தினமும் குளிக்கிறார். பழைய ஒட்டுக் கைப்பிடியில் துண்டு மட்டும்தான் தொங்குகிறது.