புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக் கதர்: பத்துத் துவைப்புக்குப் பிறகு ஒரு மதிப்புரை

சென்ற தை மாதம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் எட்டு முழ வேட்டி ஒன்றும், குளியல் துண்டுகள் இரண்டும், முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் துணியும் வாங்கினேன். கதரைப் பற்றி வாங்கிய அன்றே எழுதுவது சரியாக இராது. கஞ்சி கரைந்து, இழை இளகி, உடம்போடு பழகிய பிறகுதான் அதன் குணம் தெரியும் என்பதால், பத்து முறை துவைத்துக் காயவைத்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் துண்டைச் சொல்ல வேண்டும். புதிதாக இருந்தபோது சற்று முரடாக இருந்து, தண்ணீரையும் அவ்வளவாக உறிஞ்சாத அந்தத் துண்டு, நான்காம் துவைப்புக்குப் பிறகு ஈரத்தைத் தொட்டவுடன் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு மாறிவிட்டது. சித்திரை வெயிலில் தோட்டத்துக்குப் போகும்போது நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டால், காற்றுப் புகுந்து நெடுநேரம் குளிர்ச்சி தருகிறது. வேட்டியும் நன்று. ஆனால் கஞ்சி போட்டுத் தேய்க்காமல் கட்டினால் மடிப்பு நிற்காது. அந்த உழைப்புக்கு மனம் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

சட்டைத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இழை ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுவது தெரிகிறது. சிலர் இதைக் குறையென்று நினைக்கிறார்கள். நான் அதைத் தேடிப் பார்த்தே வாங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் ஒரு கடையில் கதர் என்று சொல்லித் தந்த துணியை நம்பி வாங்கி, பிறகு நெசவு தெரிந்த உறவினர் ஒருவர் அதை மில் நூலில் விசைத்தறியில் ஓட்டிய துணி என்று எடுத்துக்காட்டியபோது மிகவும் வருந்தினேன். கையால் நூற்று, கைத்தறியில் நெய்தது மட்டுமே கதர். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று எத்திசையிலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும் நம் பகுதியில், ராட்டையையும் கைத்தறியையும் நம்பி ஒரு நிறுவனம் நூறாண்டைக் கடந்திருக்கிறது என்றால், அது வந்த வழியையும் சேர்த்துத்தான் அதன் துணியை மதிப்பிட வேண்டும்.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் இராஜாஜி இந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். காந்தியடிகளின் அகில இந்திய நூற்போர் சங்கம் பாட்னாவில் உருவானது அதே ஆண்டு செப்டம்பரில். அதற்கும் ஏழு மாதங்கள் முந்தியது இது. சேலத்தில் பெரும் வருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலை ஏற்கெனவே விட்டுவிட்டிருந்த அவர், மானாவாரி நிலமும் பொய்த்த மழையுமாகக் கிடந்த இந்த ஊருக்குத் தம் பிள்ளைகளோடு வந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். காந்தியடிகளும் இங்கு வந்து சென்றிருக்கிறார். அக்காலத்தில் கதர் எல்லோரையும் ஒரே வேலையில் இணைத்திருந்தது. ஈரோட்டில் பெரியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றதும் அந்த ஆண்டுகளில்தான்.

பஞ்ச காலத்தில் அன்னதானம் செய்வது நம் பக்கத்துக்குப் புதிதன்று. ஆசிரமம் செய்தது வேறு வகை. வயலில் வேலையற்றுப் போன பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, அவர்கள் நூற்றுக் கொண்டுவந்த சிட்டத்தை (நூல் சுருளை) எடைபோட்டுக் கூலி கொடுத்தது. கூலி சில அணாக்களே என்றாலும், அது பிறர் கையை எதிர்பாராமல் வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்த காசு. என் அம்மாயி தன் இளவயதில் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ராட்டை சுற்றியவர். நூற்ற காசில் தான் வாங்கிய வெண்கலச் செம்பை இறுதிவரை வேறொருவர் எடுக்க விடமாட்டார். எங்கள் வீட்டில் அது இன்னும் இருக்கிறது.

ஆசிரமத்தின் பணி கதரோடு நிற்கவில்லை. சுற்று வட்டாரத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். தீண்டாமை பார்க்காமல் எல்லாச் சாதியாரும் சேர்ந்து வாழும் இடமாக அதை அமைத்ததால் தொடக்கத்தில் அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பைத் தாங்க வேண்டியிருந்தது. கள், சாராயத்துக்கு எதிராக 1929இல் 'விமோசனம்' என்ற இதழ் இங்கிருந்து வெளிவந்தது. இராஜாஜி ஆசிரியர், துணையாசிரியர் கல்கி. வாரக்கூலி முழுவதும் கள்ளுக்கடையில் தீர்ந்த வீடுகளின் நிலையைக் கதையாகவும் படமாகவும் எளிய தமிழில் சொன்ன அந்த இதழ் நெடுங்காலம் நடக்கவில்லை. ஆயினும் 1937இல் இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபோது, மதுவிலக்கு முதன்முதலாக அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. திருச்செங்கோடு அன்று அந்த மாவட்டத்தில் இருந்தது. ராட்டைக் கூலி கள்ளுக்கடைக்குப் போய்விடாமல் காப்பதும் கதர்ப் பணியின் ஒரு பகுதியே என்று இங்கே பட்டறிவால் உணர்ந்ததன் தொடர்ச்சியாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

விலையைப் பற்றி ஒரு சொல். விசைத்தறித் துண்டோடு ஒப்பிட்டால் கதர்த் துண்டு விலை கூடுதலே. காந்தி ஜெயந்தியை ஒட்டித் தரும் தள்ளுபடியில் வாங்குவோர் மிகுதி. நானும் அப்படி வாங்கியவன். ஆனால் நூற்பவருக்குக் கிடைக்கும் கூலி இன்றும் குறைவு என்பதை அறிந்த பிறகு விலை குறைய வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வேட்டியின் விலையில் நூற்றவருக்கு எவ்வளவு, நெய்தவருக்கு எவ்வளவு என்பதைக் கதர் விற்கும் இடங்களில் எல்லாம் எழுதி வைத்தால், என்னைப் போன்றவர்கள் மகிழ்ந்து கொடுப்பார்கள்.

வாங்க விரும்புவோர் சட்டைத் துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிட வேண்டும். முதல் நனைப்பில் சுருங்கும். சாயத் துணியாக இருந்தால் உப்புத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் காயப்போடுங்கள். என் சட்டையைத் தைத்த தையற்காரர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, தமக்கும் இரண்டரை மீட்டர் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் போகிறேன்.