சம்ப் ‘முழு செட்’ வாங்குகிறீர்களா? சிலிக்கான் டியூப் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் உரித்துப் பாருங்கள்

கடல்நீர் மீன்தொட்டிக்குச் சொந்தமாக சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் இறங்கிச் சுத்தமாகி, பம்ப் வழியாகத் திரும்ப ஏறுகிற கீழ்த்தொட்டி) கட்ட நினைப்பவர்களைக் குறிவைத்து, வெட்டிய கண்ணாடி, தடுப்புகள், சிலிக்கான், பைப், ஃபிட்டிங் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு ‘முழு செட்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி ஒருவரிடம் வாங்கி நன்றாகப் பட்டுவிட்டேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை, உயிர்கள் போயின, அதுதான் ஆத்திரம்.

தொட்டியின் அளவு, தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்குகிற ஓவர்ஃப்ளோ இருக்கும் இடம், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நிற்க எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் வேண்டும், எல்லாவற்றையும் படம் போட்டே அனுப்பியிருந்தேன். கடல்நீருக்குத்தான், இறாலும் பவளமும் வைக்கப் போகிறேன் என்பதையும் தெளிவாக எழுதினேன். "எல்லாமே ரீஃப் சேஃப் சார், கண்ணை மூடிக்கிட்டு ஒட்டுங்க" என்று பதில் வந்தது, அதாவது பவளத்துக்கும் இறாலுக்கும் கேடில்லாதவையாம். பெட்டி வந்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடி விளிம்புகள் கை கிழிக்காத மாதிரி மழுங்கத் தேய்க்கப்பட்டிருந்தன, குமிழிகளை நிறுத்துகிற மூன்று தடுப்புகளும் மேலே, கீழே, மேலே என்று தண்ணீர் போகிற மாதிரி சரியான உயரத்தில் வெட்டப்பட்டிருந்தன. ஒட்டினேன், நன்றாகக் காயவிட்டேன், நல்ல தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

சம்ப்பை தொட்டியோடு இணைத்து ஓடவிட்ட பிறகு கூத்து ஆரம்பித்தது. முதலில் நத்தைகள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் ஒவ்வொன்றாக மணலில் மல்லாந்து விழுந்தன, திருப்பி வைத்தாலும் கால் தொங்கிக்கொண்டே இருந்தது, ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. அப்புறம் கிளீனர் இறால் பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதறிக்கொண்டு கிடந்தது. மீன்களோ வழக்கம்போல் தீனிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி எண் 1.025, சரியாகவே இருந்தது, அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. மீன் நன்றாக இருந்து நத்தையும் இறாலும் மட்டும் சாகிறதென்றால் அனுபவமுள்ளவர்கள் முதலில் சந்தேகப்படுவது செம்பைத்தான். கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கே தனித்தொட்டியில் வைத்து செம்பு மருந்து கொடுப்பதுண்டு. அந்த அளவை மீன் தாங்கும், முதுகெலும்பில்லாதவை தாங்காது. செம்புக்கான டெஸ்ட் கிட்டில் பார்த்தேன். நிறம் மாறியது, செம்பு இருக்கிறது.

பம்புக்கும் பைப்புக்கும் நடுவில் பளபளவென்று ஓர் இணைப்புத் துண்டு கொடுத்திருந்தார், ‘ஸ்டீல், துருப்பிடிக்காது’ என்று சொல்லி. கழற்றியபோது மரைக்குள் பச்சைப் பாசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக வந்தது, பாசி இல்லை. அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். வெள்ளிப் பூச்சு போய் உள்ளே மஞ்சள். சுத்தப் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள் பலவற்றிலும் ஒட்டாது. தண்ணீர் படுகிற இடத்தில் பிளாஸ்டிக் தவிர எதையும் ஏற்காதீர்கள், ஸ்டெயின்லெஸ் கிளாம்ப்பே உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இதற்குப் பிறகு அவர் கொடுத்த எதையும் நம்பத் தோன்றவில்லை. ஒட்டி முடித்த காலி சிலிக்கான் டியூப் டூல்பாக்ஸில் கிடந்தது. மேலே நீல நிறத்தில் மீன் படம் போட்ட சீட்டு. ஓரத்தை நகத்தால் கிளப்பினால் சுலபமாக உரிந்து வந்தது, அடியில் கம்பெனி அச்சடித்த அசல் எழுத்து: குளியலறை, சமையலறைக்கானது, பூஞ்சை பிடிக்காது, மீன் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. பூஞ்சையைத் தடுக்கச் சேர்க்கிற மருந்து தண்ணீரில் இறங்கினால் தொட்டியில் இருக்கிற உயிர்களுக்கும் நஞ்சுதான். ஒட்டும்போது வினிகர் வாடை அடித்ததே, அப்படியென்றால் நல்ல சரக்குதானே என்று ஏமாற வேண்டாம், பாத்ரூம் சிலிக்கானிலும் அதே வாடை வரும். செத்ததற்குக் காரணம் பித்தளையா, சிலிக்கானா, இரண்டுமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தெரியாமல் பித்தளையை ஸ்டீல் என்று கொடுத்துவிட்டார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், தெரியாமல் யாரும் சீட்டு அச்சடித்து ஒட்டுவதில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் கரண்ட் போய், தரையெல்லாம் உப்புத் தண்ணீர். பம்ப் நின்றால், தண்ணீரை மேலே ஏற்றுகிற ரிட்டர்ன் பைப் வழியாகவே அது பின்னோக்கி சம்ப்புக்கு இறங்கும், பைப்பின் வாய் காற்றை உறிஞ்சுகிற வரைக்கும் நிற்காது. என் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், ஆகவே ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர். அவர் ஒட்டியே அனுப்பிய ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே இருந்தது, அதாவது 43 லிட்டர் கீழே வரும். 75 க்கு 35 செ.மீ. சம்ப்பில் தண்ணீருக்கு மேலே சுமார் 10 செ.மீ. காலி விட்டிருந்தார், அதில் 26 லிட்டர்தான் பிடிக்கும். மீதி எங்கே போகும்? அளவெல்லாம் அவர் கையில்தான் இருந்தது, ஒரு பெருக்கல் போட்டிருந்தால் போதும். கேட்டால், "ஒரு செக் வால்வு போடுங்க சார், நம்மகிட்டயே இருக்கு" என்று அதற்கும் ஒரு விலை சொல்கிறார்! தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடுவதுதான் செக் வால்வு, ஆனால் கடல்நீரில் அதற்குள் சுண்ணாம்பு படியும், குழாய்ப் புழு குடியேறும், கடைசியில் வேண்டிய நேரத்தில் மூடாது. பைப் வாயை மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே ஏற்றினேன், இப்போது இறங்குவது 11 லிட்டருக்குள். காற்று புகுந்து இறக்கம் சீக்கிரம் நிற்கட்டும் என்று பைப்பில், மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை ஒன்றும் போட்டேன், பாசி அடைக்காமல் அதை அவ்வப்போது குத்திவிட வேண்டும். யாரிடம் செட் வாங்கினாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எடுத்த வீடியோவைக் கேளுங்கள். ஓடுகிற வீடியோ எல்லாரும் அனுப்புவார்கள்.

இறால் செத்ததைச் சொன்னபோது முதலில் உப்பு கூடியிருக்கும் என்றார். அளவைக் காட்டினேன். புதுத் தண்ணீருக்குச் சரியாகப் பழக்காமல் இறாலை விட்டிருப்பீர்கள் என்றார். மாதக்கணக்கில் என் தொட்டியில் இருந்த இறால் அது. உரித்த சீட்டின் படத்தை அனுப்பினேன், அத்தோடு பதில் நின்றது, அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். இப்போது வேறு பெயரில் அதே படங்களோடு விளம்பரம் வருகிறது, அந்தப் பளபளப்பான துண்டுகூடப் படத்தில் அப்படியே இருக்கிறது.

ஏற்கெனவே இந்த மாதிரி செட் வாங்கி ஒட்டிவிட்டவர்கள் கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டாம், என் பெட்டியில் அது ஒன்றுதான் யோக்கியமாக இருந்தது. ஆனால் பழைய சிலிக்கான் மேலேயே புதிதைப் பூசாதீர்கள், காய்ந்த சிலிக்கானில் புதியது சரியாகப் பிடிக்காது. பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, மீன் தொட்டிக்கென்றே கம்பெனி அச்சடித்த டியூபாகப் பார்த்து வாங்கி ஒட்டுங்கள், ஒரு வாரம் காயட்டும். செம்பு ஏறியிருந்தால் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகும் விடும், அதனால் தண்ணீரை மாற்றியவுடன் ஒரு முறை டெஸ்ட் செய்துவிட்டு இறாலை இறக்காதீர்கள், சில வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.