பேர் கிரில்ஸா, லெஸ் ஸ்ட்ரவுடா?

காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் உயிர் பிழைப்பது எப்படி என்பதைத் தொலைக்காட்சியில் காட்டிப் பெயர் வாங்கியவர்கள் இருவர். பிரிட்டனின் பேர் கிரில்ஸுக்கு அறிமுகமே வேண்டாம், 2020இல் ரஜினிகாந்தோடு பந்திப்பூர் காட்டைச் சுற்றியவர். கனடாவின் லெஸ் ஸ்ட்ரவுடை இங்கே அவ்வளவாகத் தெரியாது. அதுதான் எனக்கு வருத்தம்.

கிரில்ஸின் துணிச்சலில் சந்தேகமே இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ்ஸின் ரிசர்வ் பிரிவில் இருந்தவர். 1996இல் ஜாம்பியாவில் பாராசூட் விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. இரண்டே வருடத்தில், 23 வயதில், எவரெஸ்ட் ஏறினார். 2006இல் தொடங்கிய 'மேன் வெர்சஸ் வைல்ட்' அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஸ்ட்ரவுடின் 'சர்வைவர்மேன்' அதற்கு முன்பே, 2004இல் வந்துவிட்டது. பெரும்பாலான எபிசோடுகளில் ஏழு நாள், ஒற்றை ஆள். படப்பிடிப்புக் குழு கூட இருக்காது, ஆபத்து வந்தால் உதவ ஆட்கள் தொலைவில் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர் பனியில் நடந்து தூரத்தில் மறைவதைப் பார்க்கிறோம் அல்லவா? கேமராவை நட்டுவைத்து, நடந்துபோய், திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடி அதே வழியில் நடந்திருக்கிறார். பசியோடு இருப்பவன் ஒரே தூரத்தை மூன்று முறை கடக்கிறான்!

கிரில்ஸோடு குழுவே போகும். சில இரவுகளை அவர் விடுதியில் கழித்தது 2007இல் வெளியே வந்தது, அதன்பின் சில காட்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்ற அறிவிப்பைச் சேர்த்தார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அவர் பாறையிலிருந்து குதிப்பார், குளிர்ந்த ஆற்றில் இறங்குவார். வழி தவறியவர் அதையே செய்தால் கால் முறியும், உடல் சூடு இறங்கிப் போகும். பெரும்பாலும் இருந்த இடத்திலேயே, நனையாமல், ஒதுங்க ஒரு மறைப்புக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே நல்லது. ஸ்ட்ரவுட் காட்டுவது அதைத்தான். தீ பற்றாது, கண்ணியில் எதுவும் சிக்காது, அந்தத் தோல்விகளையும் வெட்டாமல் வைப்பார்.

புகழ் என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஒபாமா, மோடி இருவரையும் காட்டுக்கு அழைத்துப் போனவர் கிரில்ஸ். 2009 முதல் 2024 வரை பிரிட்டன் சாரணர்களுக்குத் தலைமைச் சாரணர். பிள்ளைகளுக்கு வெளியே கிளம்பும் ஆசை வரவேண்டுமா, கிரில்ஸைப் போட்டுக் காட்டுங்கள். சரி, நிஜமாகவே மலையேறக் கிளம்புகிறார்கள் என்றால், அதற்கு முன் ஸ்ட்ரவுடின் நாலைந்து எபிசோடாவது பார்க்கச் சொல்லுங்கள்.