நான்கு தாளில் ஒரு பாதாளம்: மலிவான சாகசச் சிறுநூல்கள் – ஓர் ஒப்பீட்டு அலசல்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், மாலை நான்கு மணிக்கு ஆறு பேர் கூடிக் கதையாட்டம் ஆடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுபவர்கள் என்ன செய்வதென்று சொல்ல, நடுவர் கதையை நடத்திச் செல்வார். நான் நடுவர். மற்ற ஐவரில் மூவர் கல்லூரி மாணவர்கள், ஒருவர் வங்கி ஊழியர், இன்னொருவர் அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்தில் வரும் பள்ளி ஆசிரியை. அவர் ஊர் திரும்ப வேண்டும் என்பதால் ஏழு மணிக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுவோம். ஓர் இடத்தையும் அதன் அறைகளையும் ஆபத்துகளையும் நடுவருக்காக ஆங்கிலத்தில் விவரிக்கும் சாகசம் ஒன்றை வைத்துக்கொண்டு நான் திருநெல்வேலித் தமிழில் கதையை நடத்த, அவர்கள் பகடை உருட்டிப் பாதாளங்களுக்குள் இறங்குகிறார்கள். கையில் இருப்பது மூன்று மணி நேரமும், மடித்துச் சட்டைப் பையில் வைக்கத்தக்க ஒரு சிறுநூலும் மட்டுமே. அப்படியொரு மேசைக்கு எந்த வகைச் சிறுநூல் பொருந்தும் என்பதைச் சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் ஆடுவது பழைய பாணி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தையும், 1981இல் வந்த அதன் எளிய பதிப்பையும் அடியொற்றிய விதிகள். கதாபாத்திரம் எளிதில் சாகும், விதிகள் கொஞ்சம்தான், தாளில் எழுதிய எண்ணைவிட ஆடுபவரின் சமயோசிதத்துக்கே அதிக வேலை. இந்தப் பாணிக்கு 2006க்குப் பிறகு புதிய ரசிகர்கள் சேர்ந்ததால், அதற்கான சிறுநூல்களும் பெருகின. 2019 பிப்ரவரியில், புதிய முயற்சிகளுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டித்தரும் கிக்ஸ்டார்ட்டர் தளம் ஜீன் குவெஸ்ட் என்று தனி முயற்சியே தொடங்கிய பிறகு, தனியாட்கள் எழுதி அச்சிடும் மெலிந்த நூல்கள் இன்னும் கூடின. அச்சு நூலைக் கடல் கடந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு நூலின் விலையையே தாண்டிவிடும். ஆகவே நான் பேசப்போவது, கோப்பாக வாங்கியோ இலவசமாக இறக்கியோ, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துக்கொள்பவற்றைப் பற்றி.

முதலில் மூத்தவற்றைப் பார்ப்போம். 1978இல் அந்த ஆட்டத்தின் பதிப்பகமான டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட ராட்சதர் வரிசையின் முதல் நூல் எட்டே பக்கம். ஆட்டப் போட்டிக்காக எழுதப்பட்டது என்பதால் வளவளப்பு இல்லை. ஆனால் தேறிய கதாபாத்திரங்கள் வேண்டும், புதியவர்களுக்கு ஆகாது. புதியவர்களுக்கென்றே கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ 32 பக்கம்: எல்லையில் ஒரு கோட்டை, சற்றுத் தொலைவில் அரக்கக் கூட்டங்கள் குடியிருக்கும் குகைகள். கோட்டையில் வசிக்கும் யாருக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. கொல்லர், காவலர், கோட்டைத் தலைவர் என்று தொழிலோடு நிறுத்திவிட்டார். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது. வாயில் நுழையாத அயல்பெயர் ஒன்றைக்கூட நான் விழுங்க வேண்டியிருக்கவில்லை. கொல்லருக்கு நாங்களே பெயர் வைத்தோம், சத்திரக்காரரை அண்ணாச்சி என்றே அழைத்தோம், இரண்டாம் ஞாயிறே அந்தக் கோட்டை எங்கள் ஊராகிவிட்டது. மைக் கார் எழுதிய ‘இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்’ இன்னும் ஒரு படி போய், அறைகளை விவரித்துவிட்டு, எந்த அறையில் எந்த விலங்கு, எந்தப் புதையல் என்பதை நடுவரே நிரப்பிக்கொள்ளும்படி விடுகிறது. நடுவராகப் பழக விரும்புபவருக்கு அதைவிட நல்ல பயிற்சி ஏடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்தபின் எடுத்துப் புரட்டி நான்கு மணிக்கு ஆடிவிடலாம் என்றால் அது நடக்காது.

இந்தப் பழைய நூல்களுக்கு அச்சில் இருந்த ஒரு சிறப்பு, கோப்பில் போய்விடுகிறது. அவற்றின் அட்டை நூலோடு தைக்கப்படாமல் தனியாக இருக்கும்; உட்புறத்தில் வரைபடம் நீல மையில் அச்சாகியிருக்கும். அட்டையை மேசைமேல் நிறுத்தினால் ஆடுபவர் கண்ணுக்கு அதுவே மறைப்பு, நடுவருக்கு அதுவே வரைபடம். கோப்பிலிருந்து அச்சடிக்கும்போது வரைபடம் ஏதோ ஒரு மூலையில் மாட்டிக்கொள்வதால், ஒவ்வோர் அறைக்கும் தாளை முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருக்கிறது. வரைபடத்தை மட்டும் தனித்தாளில் கெட்டி அட்டையில் அடித்துக்கொள்வது உத்தமம். எழுத்தும் பெரிய தாள் அளவுக்கு நெருக்கமாகக் கோக்கப்பட்டது. பாதித் தாளுக்குச் சுருக்கினால் கண் வலிக்கும்.

குட்மேன் கேம்ஸ் நிறுவனத்தின் டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் வரிசையில், ஹார்லி ஸ்ட்ரோ எழுதி 2012இல் வந்த ‘செய்லர்ஸ் ஆன் தி ஸ்டார்லெஸ் சீ’யை எடுத்துக்கொள்கிறேன். ஆளுக்கு மூன்று நான்கு சாதாரணக் கிராமத்தார், கையில் அரிவாளோ மண்வெட்டியோ. பாழடைந்த கோட்டைக்குள் கும்பலாகப் போய், பிழைத்து வருபவர்தான் வீரர் ஆகிறார். தொழில் பட்டியலை நான் மாற்றினேன்: பத்தமடைப் பாய் முடைபவர், காருகுறிச்சிக் குயவர், உடன்குடியிலிருந்து வந்த பனையேறி. பனையேறி இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கிணற்றில் விழுந்த இருவரை மேலே இழுத்த மாலையை இன்றும் பேசுகிறோம். கதையின் வேகம், பயம், முடிவின் பிரம்மாண்டம் என்று பார்த்தால், நான் இங்கே சொல்லும் எல்லாவற்றிலும் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

இருந்தும் எங்கள் மேசையில் இது அடிக்கடி வருவதில்லை. அதன் விதிகள் ஏழு முகம், பதினான்கு முகம், இருபத்துநான்கு முகம் என்று இங்கே கிடைக்காத பகடைகளைக் கேட்கின்றன என்பது சிறிய காரணம்; எட்டு முகப் பகடையை உருட்டி, எட்டு விழுந்தால் மறுபடி உருட்டி, ஏழு முகத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம். பெரிய காரணம், நடுவர் உரக்கப் படிப்பதற்காக ஒவ்வோர் அறைக்கும் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கும் வருணனைப் பத்தி. ஆங்கிலத்தில் ஆடுபவருக்கு அது உதவி. தமிழில் ஆடுபவருக்கு அதுவே சுமை. ஆங்கில வாக்கியம் முதலில் பொருளைச் சொல்லி, வினையைச் சொல்லி, பிறகு அடைமொழிகளை வால்போல் நீட்டிக்கொண்டே போகும். தமிழில் அடைமொழி முன்னே வர வேண்டும், வினை கடைசியில் வர வேண்டும். எனவே முற்றுப்புள்ளி வரை மனத்துக்குள் படித்து முடிக்காமல் நான் வாயைத் திறக்கவே முடியாது. அப்படி ஐந்து வாக்கியம் கொண்ட பத்தி ஒன்றை நான் திக்கித் திக்கி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த மாணவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதற்கு ஒரு வார இரவுகள் போய்விடும்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது கேவின் நார்மனின் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் வரிசை. 1981ஆம் ஆண்டு விதிகளையே தெளிவாக ஒழுங்குபடுத்தி 2019இல் வந்தது. ‘தி ஹோல் இன் தி ஓக்’, ‘வின்டர்ஸ் டாட்டர்’ போன்ற அதன் சாகசங்கள் ஏ4 தாளில் பாதியான ஏ5 அளவில் அமைந்தவை. அறையில் இருப்பவற்றைத் தடித்த எழுத்தில் ஒரு சொல்லாகவும், பக்கத்தில் அதன் தன்மையை இரண்டு மூன்று சொற்களாகவும் தருவது இவற்றின் முறை. கல்தொட்டி, பாசி பிடித்தது, நீர் கறுப்பு, அடியில் ஏதோ மின்னுகிறது. அந்தப் போக்கில் கிடைக்கும் குறிப்பை நான் எந்த வரிசையிலும் எடுக்கலாம், தமிழ் வாக்கியம் தானாக அமையும்: “பாசி புடிச்ச கல்தொட்டி ஒண்ணு கெடக்கு, தண்ணி கருகருன்னு இருக்கு.” ஆடுபவர் குனிந்து பார்க்கிறேன் என்றால் மட்டுமே மின்னுவதைச் சொல்வேன். மொழிபெயர்க்கிறோம் என்ற உணர்வே வராமல் கதை சொல்ல முடிகிறது. ஆங்கில வாசகர்களில் சிலர் இந்த நடையை வறட்சியானது என்கிறார்கள். அவர்கள் மொழிக்கு அது சரியாக இருக்கலாம். தமிழில் நடத்தும் எனக்கு அந்த வறட்சிதான் இடம் தருகிறது. ஓக் மரப் பொந்தை நான் ஆலமரப் பொந்தாக மாற்றிக்கொண்டேன்; சாகசத்தில் வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இனி ஒற்றைப் பக்கச் சாகசங்கள். 2009இல் தொடங்கிய ஒன் பேஜ் டன்ஜன் போட்டிக்கு வரும் ஆக்கங்கள் யாரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே தாள், ஒரே பார்வை, வரைபடமும் குறிப்பும் ஒன்றாக; இதைவிட மலிவு இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தாளில் மிச்சமாவது நடுவரின் தலையில் ஏறுகிறது. அந்த விலங்கு ஏன் அங்கே இருக்கிறது, பேசினால் என்ன கேட்கும், தோற்றால் எங்கே ஓடும் என்பதற்கெல்லாம் தாளில் இடம் இல்லை. குற்றாலத்தில் சாரல் காலத்தில் தங்கும் அறையில், நூல் எதுவும் கொண்டுபோகாத இரவில், ஒரே தாளை வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். மறுவாரம் அதைத் தொடர முயன்றபோது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மைக்கேல் பிரெஸ்காட்டின் டிரைலெமா சாகசங்கள் இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் கூடியதில் எவ்வளவு வேறுபாடு என்பது வியப்பாக இருக்கிறது: அவர் வரைந்த முப்பரிமாணச் சாயல் கொண்ட படத்தைப் பார்த்தாலே இடம் கண்முன் எழுகிறது, அங்கே இருப்பவர்களுக்குள் என்ன தகராறு என்பதும் தெரிந்துவிடுகிறது. ஒற்றைத் தாள் வேண்டுமென்பவர் இதை இரண்டு பக்கமும் அடித்து வைத்துக்கொள்ளட்டும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் நெடுநேரம் பேச விரும்புவது, ஸ்கெர்ப்பிள்ஸ் என்ற புனைபெயரில் ஒருவர் 2017இல் வெளியிட்ட ‘டூம் ஆஃப் தி சர்பென்ட் கிங்ஸ்’. இது ஆடுபவருக்கும் நடுவருக்கும் ஒருசேரப் பாடம் நடத்துகிறது. ஓர் அறை எதற்காக அங்கே இருக்கிறது, ஆடுபவர் அதில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை நடுவருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தொடக்கத்திலேயே சவப்பெட்டிகளில் களிமண்ணால் செய்த பாம்பு மனிதர் சிலைகள் கிடக்கின்றன. சிலையின் உள்ளே வெற்றிடம்; அதற்குள் எலும்பும் பொன் தாயத்தும் இருக்கும், உடைத்தால் நச்சுக்காற்று வரும். நான் இதைச் சொன்னவுடன், ஸ்ரீவைகுண்டத்துக்காரரான மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர் அவர். “அண்ணாச்சி, இது தாழி மாதிரிலா இருக்கு! உள்ள எலும்பு கெடக்கும். யாரும் ஒடைச்சிராதிய, தொளை போட்டுப் பாப்போம்” என்றார். துளை வழியே நச்சுக்காற்று மெல்லக் கசிந்தது. அதற்குள் அனைவரும் வெளியே வந்துவிட்டார்கள். அடுத்த கதவுக்குக் கனத்த கல் தாழ்ப்பாள். அதைத் தூக்கினால், அதைத் தாங்கும் இரும்பு முளைகளும் கூடவே மேலெழும்பி, கூரையிலிருந்து பெரிய சம்மட்டி ஒன்றை வீசவிடும். இந்தமுறை வங்கி ஊழியர் பார்க்காமல் தூக்கினார். அவருடைய கதாபாத்திரம் அங்கேயே முடிந்தது. அன்றிலிருந்து எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்னும் முளையைத் தடவிப் பார்க்கிறார். விதிநூலில் எவ்வளவு பக்கம் எழுதினாலும் இந்தப் பழக்கத்தை ஏற்றிவிட முடியாது.

பழைய பாணிக்குப் புதிதாக வரும் எவருக்கும் நான் முதலில் கொடுப்பது இதைத்தான். நடை ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் அளவுக்குச் சுருக்கமில்லை, முன்தினம் இரவு ஒருமுறை படித்துப் பென்சிலால் அடிக்கோடிட வேண்டும். அந்த உழைப்புக்கு அது தகுதியானது. நடத்திப் பழகியபின், மாதந்தோறும் கைகொடுப்பது நார்மனின் ஏ5 நூல்கள். செலவுக் கணக்கும் இதற்கே சாதகம். ஏ4 தாளில் இரு பக்கமும் அடித்து நடுவில் மடித்தால் நான்கு சிறுபக்கம். பதினாறு பக்கச் சாகசம் நான்கே தாளில் முடிந்து, எங்கள் தெருக் கடையில் தாளுக்கு மூன்று ரூபாய் வீதம் பன்னிரண்டு ரூபாயும் இரண்டு பின்னுமாக வேலை தீர்கிறது. அதே நீளப் பழைய நூலுக்குப் பக்கத்துக்கு முழு ஏ4 அளவு வேண்டும் என்பதால் செலவு இரட்டிக்கும்.

கிறிஸ் கானர்மன் தொடங்கிய, பழைய பாணி விதிகளைக் கொண்ட பேசிக் ஃபேன்டசி பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விதிநூலும் சாகசங்களும் கோப்பாக முழுக்க இலவசம். அச்சு நூலும் ஏறக்குறைய அடக்க விலைதான். தன்னார்வலர்கள் எழுதுபவை என்பதால் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. சில அறைகளில் பூதமும் பொன்னும் தவிர வேறு யோசனை இல்லை. ஆனால் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்றை இவர்கள் தருகிறார்கள்: திருத்தி எழுதத்தக்க மூலக் கோப்பு. 2023இல் வந்த நான்காம் பதிப்பின் உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிடுவதானால், மொழிபெயர்த்துப் பகிரவும் அனுமதிக்கிறது. ஆசிரியை அந்த விதிநூல் கோப்பைத் திறந்து, நேரம் கிடைக்கும்போதெல்லாம் தமிழில் தட்டச்சு செய்துவருகிறார். இதுவரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. பொறிக்குழிக்குப் ‘படுகுழி’ என்று உடனே முடிவாயிற்று. ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடைக்கு அவர் ‘காப்புப் பகடை’ என்கிறார், மாணவர்கள் ‘தப்புப் பகடை’ என்கிறார்கள். தப்பு என்றால் பிழை என்றும் பொருள்படுமே என்று நான் ஆசிரியை பக்கம் சாய்ந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடி பேசுவோம்.